மாதாந்திர டாக்டர் செலவு 1,200 ரூபாயிலிருந்து 3,330 ஆனது ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அம்மாவுக்கு 62 வயது. எட்டு வருடமாக சுகர், ஐந்து வருடமாக பி.பி. திருச்சிப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் மாதம் ஒருமுறை காட்டுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு தடவை போய்வர 1,200 ரூபாய் ஆனது, இப்போது 3,330 ஆகிறது. "டாக்டர் ஃபீஸ் இப்படி ஏறினால் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது, அரசு மாத்திரையை நம்பி மாறலாமா?" என்று கேட்டு, இரண்டு பில்லையும் எழுதியிருக்கிறார். இதற்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எங்களை ஏமாற்றுகிறார்களா என்பது ஒன்று. அம்மாவின் உடம்புக்குக் கெடுதல் வராமல் எங்கே குறைக்கலாம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பில்லை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. இரண்டாவதற்குத் தெளிவாகவே பதில் சொல்லலாம்.

முதலில் பில்லைப் பிரித்துப் பாருங்கள். அன்று ஃபீஸ் 300, இன்று 500. அன்று வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் எடுத்த சுகர் டெஸ்ட்டுக்கு 100. இன்று அதோடு 'மூணு மாச சுகர்', கொழுப்பு டெஸ்ட், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் டெஸ்ட் எல்லாம் சேர்ந்து மாதாமாதம் 1,100. அன்று மூன்று வகை மாத்திரைக்கு 800. இன்று அதே மூன்றுக்கு 900, புதிதாகச் சேர்ந்த கேஸ் மாத்திரைக்கு 240, நரம்புச் சத்து கேப்சூலுக்கு 540. ஃபைல் சார்ஜ் என்று ஒரு 50. ஆக மொத்தம் ஏறியது 2,130 ரூபாய். அதில் டாக்டர் ஃபீஸின் பங்கு 200 ரூபாய்தான். பழைய மாத்திரைகளின் விலையேற்றம் 100. இந்த இரண்டையும் ஃபைல் சார்ஜையும் சேர்த்தால் 350. மீதி 1,780 ரூபாய் விலை ஏறியதால் வந்ததல்ல, எண்ணிக்கை ஏறியதால் வந்தது. டெஸ்ட் கூடிவிட்டது, மாத்திரை கூடிவிட்டது. குறைக்க வேண்டிய இடமும் இதுதான். ஃபீஸைப் பார்த்து டாக்டரை மாற்றினால் மாதம் 200 மிச்சமாகலாம். எண்ணிக்கையைப் பேசித் தீர்த்தால் ஆயிரத்துக்கு மேல் மிச்சமாகும்.

ஃபீஸைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். தமிழ்நாட்டில் தனியார் டாக்டரின் ஃபீஸுக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டம் இல்லை. 1997-ம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் பதிவையும் வசதிகளையும்தான் கவனிக்கிறது. ஆனால் மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, ஃபீஸும் மற்ற கட்டணங்களும் கிளினிக் போர்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும், சிகிச்சைக்கு முன்பே சொல்லப்பட வேண்டும். வடசென்னையில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று பெயரெடுத்த ஜெயச்சந்திரன் 2018-ல் மறைந்தபோது ஊரே கூடி அழுதது. அந்த மனசு பெரியது. அதற்காக 500 ரூபாய் வாங்குகிற எல்லோரும் கொள்ளையடிக்கிறார்கள் என்று ஆகிவிடாது. வாடகை, நர்ஸ் சம்பளம், மின்சாரம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். என் கருத்தில், பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து, இந்த டெஸ்ட் இப்போது வேண்டாம் என்று சொல்கிற டாக்டருக்கு 500 கொடுப்பது நல்ல செலவு. 150 ரூபாய் ஃபீஸ் வாங்கிவிட்டு மீதியை லேப்பிலும் மருந்துக் கடையிலும் எடுக்கிற இடம்தான் கடைசியில் கையைக் கடிக்கும்.

டெஸ்ட்டுக்கு வருவோம். 'மூணு மாச சுகர்' என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி-யின் பெயரிலேயே விடை இருக்கிறது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்து, கடந்த எட்டு முதல் பன்னிரண்டு வாரச் சராசரியைச் சொல்கிறது அந்த டெஸ்ட். அதை முப்பது நாளுக்கு ஒருமுறை எடுத்தால், போன மாதம் பார்த்த அதே ரத்த அணுக்களில் பெரும்பகுதியைத்தான் மறுபடி பார்க்கிறோம். சுகர் கட்டுக்குள் இருந்து மருந்தும் மாறாமல் இருந்தால் வருடத்துக்கு இரண்டு முறை போதும். மருந்தை மாற்றியிருந்தாலோ, கட்டுக்குள் வராவிட்டாலோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். கொழுப்பு மாத்திரை தொடங்கிய புதிதிலும் அளவை மாற்றும்போதும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் கொழுப்பு டெஸ்ட் ஒருமுறை வேண்டும். பிறகு வருடத்துக்கு ஒன்று போதும். கிரியாட்டினின், சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு வருடத்துக்கு ஒன்று. டெல்மிசார்ட்டான் வகை பி.பி. மாத்திரையைத் தொடங்கினாலோ கூட்டினாலோ, ஓரிரு வாரத்தில் பொட்டாசியத்தோடு சேர்த்து ஒருமுறை பார்க்க வேண்டும். ஏற்கெனவே சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

உங்கள் பில்லில் உள்ள விலையை வைத்தே வருடக் கணக்கு போடலாம். எச்பிஏ1சி 450, கொழுப்பு 400, கிரியாட்டினின் 150, இரண்டு வேளை சுகர் 100. இப்போது எடுக்கிறபடி பன்னிரண்டு மாதத்துக்கு 13,200 ரூபாய். எச்பிஏ1சி மூன்று முறை, கொழுப்பு ஒருமுறை, கிரியாட்டினின் இரண்டு முறை, இரண்டு வேளை சுகர் மாதாமாதம் என்று தாராளமாகவே வைத்தாலும் 3,250 ரூபாய்தான் வருகிறது. கிட்டத்தட்ட 10,000 ரூபாய் வித்தியாசம். அம்மாவுக்கு இதில் எந்த இழப்பும் இல்லை.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. ரத்தசோகை உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி தப்பான எண்ணைக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைவில் உண்மையைவிடக் கூடுதலாக வரும். சமீபத்தில் ரத்தம் போயிருந்தாலோ, ரத்தம் ஏற்றியிருந்தாலோ குறைவாக வரலாம். நம் வீட்டுப் பெண்களிடம் ரத்தசோகை சாதாரணம் என்பதால் ஹீமோகுளோபினை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டில் எடுக்கும் சுகர் ஒன்று சொல்லி எச்பிஏ1சி வேறொன்று சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அதே போல, லேப்பை மாற்றி மாற்றி எடுத்தால் 7.1, 7.5 என்று வரும் வித்தியாசம் நோயில் வந்ததா லேப்பில் வந்ததா என்று தெரியாது. ஒரே லேப்பில் எடுங்கள். லேப்பின் தரத்துக்குத் தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா என்று ரிப்போர்ட்டின் தலைப்பில் பாருங்கள்.

அடுத்தது மாத்திரை. உங்கள் 1,680 ரூபாயில் 780 சுகருக்கும் இல்லை, பி.பி.க்கும் இல்லை, கொழுப்புக்கும் இல்லை. கேஸ் மாத்திரை எதற்காகத் தொடங்கினார்கள் என்று கேளுங்கள். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தொடர்ந்து சாப்பிடுபவருக்கு அது தேவைப்படலாம். ஆனால் உங்கள் பில்லில் அவை இல்லை. நெஞ்செரிச்சலுக்காக நாலு வாரத்துக்கு எழுதியது அப்படியே இரண்டு வருடம் தொடர்வது அடிக்கடி நடக்கிற விஷயம். சீட்டைப் புதுப்பிக்கும்போது எல்லாவற்றையும் அப்படியே திரும்ப எழுதிவிடுகிறார்கள். பேன்டோப்ரசோல் வகை கேஸ் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12, மெக்னீசியம் இரண்டும் குறைய வாய்ப்பு உண்டு. திடீரென்று நிறுத்தினால் சில வாரம் அமிலம் கூடுதலாகச் சுரக்கும். அதைப் பார்த்துவிட்டு இது இல்லாமல் முடியாது போல என்று மறுபடி தொடங்கிவிடுவார்கள். ஆகவே டாக்டரிடம் கேட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறக்குவதுதான் வழி.

நரம்புச் சத்து கேப்சூல்தான் உங்கள் பில்லிலேயே விலை கூடிய மாத்திரை, ஒன்று 18 ரூபாய். அட்டையின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் மெத்தில்கோபாலமின் (இது பி12-தான்), ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட், ஃபோலிக் ஆசிட், இன்னும் நாலைந்து வைட்டமின்கள் பொடி எழுத்தில் இருக்கும். இதில் உங்கள் அம்மாவுக்கு உண்மையான காரணம் இருக்கக்கூடிய ஒன்று பி12. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களில் சிலருக்கு அது குறையும், கால் மரத்துப்போகும். அதைச் சுகரால் வந்த நரம்புக் கோளாறு என்று தப்பாக நினைத்துவிடுவதும் உண்டு. ஒருமுறை ரத்தத்தில் பி12 அளவு பார்த்து, குறைவாக இருந்தால் பி12 மட்டும் உள்ள மாத்திரையை எழுதித் தரச் சொல்லலாம். அதன் விலை இந்தக் கலவையில் சிறு பகுதிதான். கால் எரிச்சலோ மரப்போ இல்லாதவருக்கு முன்கூட்டியே இந்தக் கலவையைக் கொடுத்தால் நரம்பு கெடாமல் இருக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

மீதி மூன்றும் தேவையான மாத்திரைகள். சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்தது, பி.பி.க்கு டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் சேர்ந்தது, கொழுப்புக்கு ரோசுவாஸ்டாட்டின். இவற்றில் ஒன்றையும் செலவுக்காக நிறுத்தக் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடவும் கூடாது. குறைக்க வேண்டியது விலையை மட்டும். மருந்து விலையில் இரண்டு வகை உண்டு. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 2013-ம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உச்சவிலை இருக்கிறது. மொத்தவிலைக் குறியீட்டை வைத்து வருடத்துக்கு ஒருமுறை அது மாறும். 2022 ஏப்ரலில் சுமார் 10.8 சதவீதமும் 2023 ஏப்ரலில் சுமார் 12.1 சதவீதமும் ஏற்ற அனுமதித்தார்கள். 2024-ல் ஏறக்குறைய ஒன்றுமில்லை, 2025-ல் 1.74 சதவீதம். பட்டியலில் இல்லாதவற்றின் விலையைக் கம்பெனி பன்னிரண்டு மாதத்துக்குப் பத்து சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். தனித்தனி மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டான், அம்லோடிபின் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. இரண்டு மருந்தைச் சேர்த்த கலவை மாத்திரைகள் பெரும்பாலும் இல்லை. ஆக, பிரித்து வாங்கினால் மலிவாகும். ஆனால் காலையில் இரண்டு விழுங்க வேண்டிய இடத்தில் நான்கு விழுங்க வேண்டும். மறதி உள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். உங்கள் அம்மா தானே மாத்திரைப் பெட்டியில் பிரித்து வைத்துச் சாப்பிடுகிறவர் என்றால் செய்யலாம்.

பெரிய வித்தியாசம் கடையில் வரும். மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008-லிருந்து இருக்கிறது. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. அதே மூலக்கூறு (உள்ளே இருக்கும் மருந்து), அதே மி.கி., பிராண்டு பெயர் மட்டும் இருக்காது. பெரும்பாலான மாத்திரை பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். அங்கே போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சீட்டில் பிராண்டு பெயர் மட்டும் இருந்தால் கடைக்காரர் தாமாக வேறொன்றைத் தர விதிப்படி இடமில்லை. எனவே டாக்டரிடம் மூலக்கூறின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில், புரியும்படி, மூலக்கூறு பெயரில் எழுத வேண்டும் என்று நடத்தை விதியே சொல்கிறது. அதனால் இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. வாங்கியதும் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று விஷயம் பாருங்கள்: மூலக்கூறு பெயர், மி.கி., பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். அல்லது பி.ஆர். என்ற எழுத்து. மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர். மெதுவாகக் கரையும் மாத்திரை, சாதா மெட்ஃபார்மின் 500 உடனே கரைவது. மாற்றி வாங்கிவிட்டு வயிற்றுப்போக்கு வந்தால் மலிவு மருந்து சரியில்லை என்ற பேர் வந்துவிடும். எஸ்.ஆர். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் போன்றவற்றில் மட்டும் கம்பெனியை அடிக்கடி மாற்ற வேண்டாம். சிறு வித்தியாசமும் அங்கே உடம்பில் தெரியும்.

சீட்டில் இன்னொன்றும் எழுத வைக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு போட்டு வரும் மருந்துகளை, இத்தனை முறை தரலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒருமுறைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆகவே 'மூன்று மாதத்துக்கு, மாதம் ஒருமுறை தரலாம்' என்று எழுதி வாங்குங்கள். சுகரும் பி.பி.யும் கட்டுக்குள் இருக்கிற, மருந்து மாறாத ஒருவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று பெரும்பாலான டாக்டர்கள் ஒப்புக்கொள்வார்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு ஃபீஸ் நான்காகும், 6,000 ரூபாய் 2,000 ஆகும். இடையில் சந்தேகம் வந்தால், 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, நேரில் பார்த்த ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்கு அதே டாக்டர் போனிலோ வீடியோவிலோ தொடர் ஆலோசனை தரலாம். அதற்கு அவர் ஃபீஸ் வாங்கலாம், அது நியாயம்தான். பஸ் செலவும் ஒருநாள் சம்பளமும் மிச்சமாவது உங்களுக்கு லாபம்.

அரசு மாத்திரையை நம்பலாமா என்ற கேள்விக்கு, நம்பலாம் என்பதே என் பதில். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டது. அது வாங்கும் மருந்து தொகுதி தொகுதியாக லேப்புக்குப் போய்ச் சோதனை முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. மற்ற மாநிலங்கள் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு அது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகருக்கும் பி.பி.க்கும் பார்ப்பது, அடிப்படை டெஸ்ட், மாத்திரை எல்லாமே இலவசம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்துவிட்டால் ஊழியர் வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்த்து மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார். குறை எங்கே என்றால், அங்கே மருந்து வகைகள் குறைவு, நீங்கள் சாப்பிடும் அதே கலவை இருக்காது. கூட்டமான நாளில் டாக்டர் பேச நேரம் கிடைக்காது. அதனால் மாறுவதானால் பழைய சீட்டோடும் கடைசி ரிப்போர்ட்டோடும் போய், எதற்குப் பதில் எது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, பழைய மாத்திரையையும் புதிய மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடக் கூடாது. வெவ்வேறு நிறத்தில் இருப்பதால் இரண்டும் வேறு வேறு என்று நினைத்து விழுங்கி, சுகர் தாழ்ந்து மயங்கி விழுகிறவர்கள் உண்டு. கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்கு இது உண்மையான ஆபத்து. அமாவாசை, ஏகாதசி விரத நாளிலும் இதே ஆபத்து வரும், அன்றைய அளவை முன்பே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். வியர்த்து, கை நடுங்கி, சுகர் 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

தனியாரும் வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் டாக்டர், மாத்திரை முதல்வர் மருந்தகத்தில், இடையில் பி.பி. வீட்டில். கையில் சுற்றும் பட்டை உள்ள தானியங்கி மிஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டை அம்மாவின் மேல்கை சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சாதாரணமாக வருவது 22 முதல் 32 செ.மீ. வரை. பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பி.பி. கூடுதலாகக் காட்டும், தேவையில்லாமல் ஒரு மாத்திரை சேரும். காபி குடித்து அரைமணி ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஏழு நாள் காலையும் இரவும் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான எல்லை. இந்த ஒரு தாள், கிளினிக்கில் படபடப்போடு எடுக்கும் ஒரு அளவைவிட டாக்டருக்கு அதிகம் சொல்லும். சுகர் மிஷினைப் பொறுத்தவரை, அதன் எண்ணில் 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம் என்று அதற்கான தரநிலையே அனுமதிக்கிறது. 150 என்று காட்டினால் உண்மை 130-ஆகவும் இருக்கலாம், 170-ஆகவும் இருக்கலாம். அதனால் ஒரு எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டக் குறைக்க வேண்டாம். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

போன மாதம் அசதி என்று போனபோது டிரிப்ஸ் ஏற்றி 600 ரூபாய் வாங்கினார்கள் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஐந்து டீஸ்பூன். சுகர் உள்ளவருக்கு அசதி என்றால் முதலில் சுகரும் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும், சர்க்கரை ஏற்றக் கூடாது. அது உப்புத் தண்ணீர் பாட்டிலாக இருந்தால் அதில் நாலரை கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதுக்குமே ஐந்து கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, இவரோ பி.பி. உள்ளவர். வாந்தி நிற்காமல் வாய்வழி எதுவும் உள்ளே போகாதபோது, நீர்ச்சத்து கடுமையாகக் குறைந்தபோது டிரிப்ஸ் உயிர் காக்கும். வெறும் அசதிக்கு அது மருந்தல்ல. இதில் தப்பு கிளினிக்கின் மேல் மட்டுமில்லை. ஊசியோ பாட்டிலோ போடாவிட்டால் டாக்டர் ஒன்றும் செய்யவில்லை என்று நாமே சொல்லிப் பழகிவிட்டோம்.

கமிஷன் வாங்குகிறார்களா என்று கேட்டீர்கள். லேப்புக்கோ ஸ்கேனுக்கோ அனுப்பிப் பங்கு வாங்குவது 2002 விதிகளில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டது, ஆனாலும் நடக்கிறது. உங்கள் டாக்டர் வாங்குகிறாரா என்று பில்லில் தெரியாது. மாதாமாதம் இத்தனை டெஸ்ட் என்பது பேராசையாகவும் இருக்கலாம், விட்டுப்போய்விடுமோ என்ற பயமாகவும் இருக்கலாம், ரிசப்ஷனில் எல்லோருக்கும் ஒரே பேக்கேஜ் என்று போட்டுவிட்ட வழக்கமாகவும் இருக்கலாம். ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். வேறு நல்ல லேப்பின் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பேசினால் பிரச்சினை இல்லை. காரணம் சொல்லாமல் இங்கேதான் எடுக்க வேண்டும் என்றால் யோசியுங்கள். மருந்தும் டெஸ்ட்டும் எங்கே எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளிகள் உரிமை சாசனத்தில் இருக்கிறது.

பணம் திரும்பக் கிடைக்கும் வழிகள் சில. உங்கள் மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறது என்றால், உங்களைச் சார்ந்திருக்கும் அம்மாவுக்கும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் டாக்டரும் மாத்திரையும் உண்டு. பலர் பிடித்தம் கட்டிக்கொண்டே இதைப் பயன்படுத்தாமல் இருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் சேரும் சிகிச்சைகளுக்கானது, மாதாந்திர விசிட்டுக்கும் மாத்திரைக்கும் உதவாது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லை, நீங்கள் பழைய வரி முறையில் இருக்கிறீர்கள் என்றால், 60 வயதைத் தாண்டிய பெற்றோரின் மருத்துவச் செலவில் வருடத்துக்கு 50,000 ரூபாய் வரை வருமானத்தில் கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. யு.பி.ஐ.யில் கொடுத்து பில்லை எடுத்து வையுங்கள்.

இவ்வளவும் குறைப்பதைப் பற்றி. உங்கள் பில்லைப் படிக்கும்போது என்னை உறுத்தியது வேறொன்று. இரண்டு வருடமாக இத்தனை டெஸ்ட் எடுத்தும், எட்டு வருட சுகர் நோயாளிக்கு வருடம் ஒருமுறை கட்டாயம் செய்ய வேண்டிய மூன்று அதில் இல்லை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு: கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே சிறுநீரகம் கெடுவதைக் காட்டுவது இதுதான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பது: அரசு மருத்துவக் கல்லூரி கண் பிரிவில் இலவசம். சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், கூட ஒருவர் போக வேண்டும். மூன்றாவது, பாதம். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். கணுக்கால் பக்கம் நாடி பார்ப்பார்கள், விரல் இடுக்கைப் பார்ப்பார்கள். இரண்டு நிமிட வேலை, தனி பில் கிடையாது. அடுத்த முறை உள்ளே நுழைந்ததும் அம்மாவைச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரச் சொல்லுங்கள். காலை ஒருமுறை பார்த்துவிடுங்கள் டாக்டர் என்று நீங்களே கேளுங்கள்.